அதே 25 லட்சம்

2006-ல் நாம் தென்னாப்பிரிக்காவை முந்தினோம். கிரிக்கெட்டில் இல்லை, எய்ட்ஸில். ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் இந்தியாவில் 57 லட்சம், தென்னாப்பிரிக்காவில் 55 லட்சம். அப்போது நான் எச்.ஐ.வி. கணக்கெடுப்புத் திட்டம் ஒன்றில் களப்பணி மேற்பார்வையாளன். பெண் பார்க்கப் போன இடங்களில் வேலையைச் சொல்ல வாய் வராது. ஆனால் அறிக்கை வந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் சிலர் நடையிலேயே ஒரு மிடுக்கு தெரிந்தது. உலகின் முதலிடத்துக்கு வேலை பார்க்கிறோம் அல்லவா!

அதற்கு இருபது வருடங்களுக்கு முன் இதெல்லாம் ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவிடம் பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சேகரிக்கச் சொன்னார். சென்னையிலாவது இந்த நோயாவது என்று கேட்டவர்கள்தான் அதிகம். நிர்மலா சேகரித்ததைத் தன் வீட்டில் தக்காளிக்கும் மோருக்கும் பக்கத்தில் வைத்தாரோ என்னவோ, 1986-ல் வேலூருக்கு எடுத்துப் போய்ச் சோதித்ததில் ஆறு பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவின் முதல் கணக்கு அதுதான். அந்த ஆறில் யாரும் குறை காண முடியவில்லை. 57 லட்சத்தின் கதை வேறு.

வீடு வீடாகப் போய் எண்ணி வந்ததில்லை அது. அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு வி.டி.ஆர்.எல். என்று சிபிலிஸ் பரிசோதனை செய்வார்கள். அதற்கு எடுத்த ரத்தத்தில் மிச்சமிருப்பதை வேறு குப்பிக்கு மாற்றி, பெயரை விட்டுவிட்டு எண் மட்டும் ஒட்டுவோம். கூடவே ஒரு சீட்டு. வயது, படிப்பு, கணவர் தொழில், இருப்பது கிராமமா நகரமா, அவ்வளவுதான். ஓர் இடத்தில் மூன்று மாதத்துக்குள் 400 குப்பி சேர வேண்டும். பெயர் இல்லாததால் முடிவு பாசிட்டிவ் என்று வந்தாலும் தேடிப்போய்ச் சொல்ல வழியில்லை. சொல்லி என்ன செய்வது, கொடுக்க மருந்தா இருக்கிறது என்பது தொண்ணூறுகளின் நியாயம். டெல்லிக்குத் தெரிந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

ரத்தம் பொய் சொல்லாது. மனிதர்களிடம் கேட்கப் போனால்தான் வம்பு. நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுநர்களிடம் நடத்தை ஆய்வு. பாடி கட்டும் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே, கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருப்பவரிடம் படிவத்தில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். "கடைசியாக உங்கள் மனைவி அல்லாத ஒருவருடன் உறவு கொண்டபோது ஆணுறை பயன்படுத்தினீர்களா?" சுற்றி நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பெரியவர் பீடியை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எதை எழுதுனா உனக்குச் சம்பளம் வருமோ அதையே எழுதிக்க தம்பி."

2003-ல் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று விழிப்புணர்வு விளம்பரம் கேட்டது. அதன் பிறகு கிளீனர் பையன்களுக்குக்கூட எது சரியான பதில் என்று தெரிந்துவிட்டது. விடைத்தாளை ஊரெங்கும் ஒட்டிவிட்டுத் தேர்வு வைத்தது போலத்தான். ஆணுறைப் பழக்கம் உண்மையிலேயே கூடியது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் எவ்வளவு பழக்கம், எவ்வளவு பதில் என்று பிரிப்பது யாராலும் ஆகவில்லை. கர்நாடகத்தில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக வாக்குச்சாவடி முறை வைத்தார்கள். மறைப்புக்குப் பின்னால் தனியாக நின்று பெட்டியில் சீட்டுப் போட்டால் போதும். நேரில் "ஐயோ, சேச்சே" என்றவர்கள் எல்லாம் பெட்டியிடம் உண்மை பேசினார்கள்.

பிறகு 2007 வந்தது. தேசியக் குடும்பநல ஆய்வுக்காரர்கள் வீடுகளுக்கே போய், லட்சம் பேருக்கு மேல் விரலில் குத்தி ரத்தத் துளி எடுத்திருந்தார்கள். அதையும், புதிதாகச் சேர்ந்த கண்காணிப்பு மையங்களின் கணக்கையும் வைத்துப் பார்த்தால் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 24.7 லட்சம். ஒரே அறிவிப்பில் பாதிக்கு மேல் காணாமல் போனார்கள்! யாரும் குணமாகவில்லை, யாரும் சாகவில்லை. அரசு மருத்துவமனைக்கு வருகிற கர்ப்பிணியை வைத்து, வராத ஊரையும் அளந்ததால் வந்த வீக்கம் அது. 2010-க்குள் இந்தியாவில் இரண்டு கோடிக்கு மேல் என்று அமெரிக்க உளவுத் துறைக் குழுவொன்று 2002-ல் சொன்னதெல்லாம் அதோடு போயிற்று. இப்படி ஒரு நல்ல செய்தியை இவ்வளவு துக்கமாகக் கேட்ட கூட்டத்தை நான் பார்த்ததில்லை. வடை ஆறிக்கொண்டிருக்க, பின்வரிசையில் ஒருவர் கிசுகிசுத்தார்: "அப்ப நிதியும் பாதிதானா சார்?"

அண்மைக் கணக்கொன்றுக்கு வருகிறேன். 2023-ல் 25.44 லட்சம். பதினாறு வருடம் பாடுபட்டும் அதே 25 லட்சம்தானா என்று தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது கேட்டால் கைதட்டல் விழும். விவரம் என்னவென்றால், 2004 ஏப்ரல் 1 அன்று எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் இலவச ஏ.ஆர்.டி. மருந்துத் திட்டம் தொடங்கியது. (தேதியைப் பார்த்து நம்பாதவர்கள் உண்டு.) ஆரம்பத்தில் நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே விழுந்தால்தான் மருந்து. தாம்பரம் சானடோரியத்தில் "இன்னும் இறங்கவில்லை, பிறகு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்து வேண்டுமானால் நோய் முற்ற வேண்டும்! 2017 முதல் உறுதியானாலே மருந்து, பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை. சீக்கிரம் மருந்து தொடங்கினால் இணையருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறையும் என்று 2011-ல் நிரூபித்த பன்னாட்டு ஆய்வில் சென்னையும் ஓர் ஆய்வு மையம். ஆக, அன்றைய 25 லட்சத்தில் பலர் வரிசையில் நின்று இறந்துகொண்டிருந்தார்கள். இன்றைய 25 லட்சத்தில் பலர் பேரனுக்குக் காதுகுத்து வைக்கிறார்கள். சாவு குறைந்தால் இருப்பவர் கணக்கு குறையாது. புதிதாக எத்தனை பேர் என்பதைத்தான் பார்க்க வேண்டும், அது வெகுவாக இறங்கிவிட்டது.

மாறியதும் உண்டு, மாறாததும் உண்டு. அன்று சார்ட் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் பேருந்து நிலையம், லாட்ஜ், டாஸ்மாக் என்று புள்ளி வைத்து வரைபடம் போட்டோம். இன்று சந்திப்பெல்லாம் கைபேசிக்குள் போய்விட்டது. எந்தப் புள்ளியில் போய் நிற்பது என்று இளைய ஆய்வாளர்கள் தலையைச் சொறிகிறார்கள். புள்ளிராஜா யாரென்றும் அவர்களுக்குத் தெரியாது. எச்.ஐ.வி. உள்ளவரை வேலையிலோ வீட்டு வாடகையிலோ ஒதுக்கக் கூடாதென்று சட்டம் வந்து, 2018 செப்டம்பரிலிருந்து அமலிலும் இருக்கிறது. ஆனாலும் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இன்றும் மருந்து டப்பாவின் லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுபோகிறார்.

உங்களுக்கோ, உங்களைக் கேட்பவருக்கோ சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம். இப்போது முடிவை உங்களிடமே சொல்வார்கள், வேறு யாரிடமும் சொல்லமாட்டார்கள். வழி தெரியாவிட்டால் 1097-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.