சாவி யாரு கைல, மாப்ளே?

வா மாப்ளே, உக்காரு. போர்டு எழுதறவனப் பாத்துட்டு வர்றயாமா? 'மிஸ்டி மவுண்டன் காட்டேஜ்'. பேரு பலே! போன மாசம் வரைக்கும் அது உங்கப்பன் மளிகைக் கடைல சம்பாரிச்சுக் கட்டுன நாலு போர்ஷன் வீடு.

நல்ல காரியந்தான், நான் குறுக்க நிக்கல. ஆஸ்பத்திரி நர்சம்மாவ இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிப்போட்டயாமா. அந்தம்மா இனிமே பொள்ளாச்சில வீடு புடிச்சுத் தெனம் வால்பாறைக்கு ஏறி வரட்டும். 64 கிலோமீட்டருதான, 40 கொண்டை ஊசிதான? ஒம்பதாவது வளைவுல வரையாடு மேயறதப் பாத்துக்கிட்டே வந்தா அலுப்பு தெரியாது. உனக்கு ராத்திரி நெஞ்சு வலிச்சா வளைவ எண்ணிக்கிட்டுப் படுத்திரு. அந்தம்மா 40 ஊசியும் தாண்டி வந்து உனக்கு ஒரு ஊசி போட்டுவுடும்.

ரெண்டாவது போர்ஷன் கண்டக்டரு. காலைல மொத பஸ்ஸு யாரு எடுப்பாங்கற கவல உனக்கெதுக்கு, உன்ற ஆளுக கார்ல வர்றவங்க. மூணாவது பரோட்டா மாஸ்டரு. அவரையும் கெளப்பிவுட்டுட்டு, வர்ற விருந்தாளிக்கு நீயே போடு. உனக்குக் கை நல்லா வீசும்.

ஒரு மாச வாடகை ரெண்டு சனி ஞாயிறுல வந்துருமுங்கறே. கணக்கு சரி. சின்னக்கல்லாறுல மழ புடிச்சு ரோடு சரிஞ்சு கெடக்கறப்ப அந்தக் கணக்க இன்னொருக்கா போட்டுப் பாரு. இப்ப ஐகோர்ட்டு சொல்லி 2025 நவம்பர்ல இருந்து ஈ-பாஸ் வேற. நர்சம்மாவுக்கு ஈ-பாஸும் வேண்டாம், சீசனும் வேண்டாம். ஒண்ணாந்தேதியானா கவர்ல காசு.

இந்த மலைல வீடுங்கறது வேலையோட ஒட்டுன வாலு மாப்ளே. கார்வர் மார்ஷ் தொரை காட்ட வெட்டித் தேயிலை போட்ட காலத்துல இருந்து, கொழுந்து எடுக்கறவனுக்கு லைன் வீடு. 1951-ல தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து, வீடு குடுக்கறது மொதலாளி கடமைன்னு எழுதிவெச்சுது. வேலை நின்னா வாலும் அந்துபோகும்.

எனக்கு 58 ஆன அன்னிக்கு நானும் சாவிய எடுத்துட்டு ஆபீசுக்குப் போனேன். 36 வருசம் இருந்த வீடு. ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு. பின்னால ஒரு மூலைய ஆனை இடிச்சுட்டு அரிசிய எடுத்துட்டுப் போச்சு. நானும் உங்கக்காளும் மண்ணு கொழைச்சு அடைச்சோம். பூசுன எடத்துல உங்கக்கா அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கும். கிளார்க்கு சாவிய வாங்குனாரு, தகரத்துல அடிச்ச நம்பரப் பாத்தாரு, ஆணில மாட்டுனாரு. அவ்வளவுதான். இப்ப அந்த வீட்டுல ஜார்க்கண்டுப் பையன் ஒருத்தன் குடும்பத்தோட இருக்கான். அந்த அஞ்சு வெரலு யாருதுன்னு அவனுக்குத் தெரியாது. சாவிக்கு மட்டும் அதே ஆணி.

வாடகையும் இல்லாம அட்வான்சும் இல்லாம இங்க வந்துபோறது ஆனை ஒண்ணுதான். புதுத்தோட்டத்துச் சோலைமந்திய வேணா கூடச் சேத்துக்க, சமையக்கட்டு வரைக்கும் அதுக்கு உரிமை. ஆனா ஒண்ணு, அதுக ரெண்டும் காட்டேஜ் போர்டு மாட்டாது.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தப் பாத்தயல்லோ? 1929-ல 99 வருசக் குத்தகை. 2028-ல முடியோணும். கம்பெனி 2024-லயே மூட்டயக் கட்டுச்சு. தலைமுறை தலைமுறையா இருந்த சனம், மலைய விட்டு எறங்கி எங்க போறதுன்னு கோர்ட்டுப் படி ஏறுச்சு. அதே வருசம் ஆகஸ்டுல, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வல்லம் வடகால்ல 18,720 பொண்ணுக தங்கறதுக்குச் சர்க்காரே 706 கோடி போட்டு வீடு கட்டித் தொறந்துச்சு. டீக்கடைப் பேப்பர்ல படிச்சேன். செல்போன் கோக்கற புள்ளைகளுக்குக் கட்டுனது நல்லதுதான், நான் நோகல. கொழுந்து கிள்ளுறவளுக்கும் ரெண்டு கைதான இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

"அப்ப சர்க்காரு இங்கயும் கட்டட்டுமே மாமா"ங்கறே. கட்டட்டும், யாரு வேண்டாங்கறா? எங்க கட்டும்? இந்தப் பக்கம் தேயிலை, அந்தப் பக்கம் புலிகள் காப்பகம். நடுவுல வாடகைக்குன்னு இருக்கற வீட்ட ராத்திரி லைட்டப் பாத்தே எண்ணிப்போடலாம். 2001 கணக்குல 90,000-த்துக்கு மேல இருந்த சனம், 2011-ல 70,000 சொச்சம். சனம் கொறஞ்சும் டவுனுக்குள்ள ஒரு போர்ஷன் காலியிருக்கான்னு அந்த நர்சம்மா நாலு வாரமாக் கேட்டு அலையுது. என்னையும் கேட்டுச்சு. உங்க மாப்ளயோட வீட்டுலதான இருக்கறேன்னுச்சு. நான் வெத்தல போடற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

உனக்கு ஆசையா இருந்தா மேல் போர்ஷனு ஒண்ண மட்டும் காட்டேஜு பண்ணு. பர்மிஷன் வாங்கிப் பண்ணு, இல்லாட்டி ஒரு நாள் ஆபீசரு வந்து அவரு ஒரு பூட்டுப் போடுவாரு. கீழ மூணும் மாச வாடகைக்கு விடு. ஊருக்குள்ள என்ன போகுதோ அந்த வாடகை. மூணு வருசத்துக்கு ஏத்தாத.

போர்டுக்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டயா? பரவால்ல. அவன் எழுத்துக்கு இவ்வளவுன்னு காசு வாங்கறவன். 'வீடு வாடகைக்கு'ன்னு மாத்தி எழுதச் சொல்லு, மிச்சக் காசத் திருப்பித் தருவான்.