எந்த மைக் வாங்கலாம்?

நேற்று ராத்திரி அக்கா பையன் வந்திருந்தான். மேஜை மேல் இருந்த புது மைக்கைப் பார்த்துவிட்டு, "பேசுங்க மாமா, பாக்கலாம்" என்றான். பேசினேன். சிரித்தான். சோபாவில் சரிந்து, குஷனைக் கட்டிக்கொண்டு சிரித்தான்.

"மாமா, இது என்ன கோன் ஐஸா, உச்சியில வாய வைக்க? பக்கவாட்டுல பேசணும். கம்பெனி பேர் போட்டிருக்கிற பக்கம்தான் அதுக்கு மூஞ்சி."

மூன்று வாரமாக நான் அதன் உச்சந்தலையிடம் சிறுகதை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். போதாக்குறைக்கு, அந்தப் பேர் கண்ணை உறுத்துகிறது என்று அதைச் சமையலறைப் பக்கம் திருப்பி வைத்ததும் நானே.

நீங்கள் சிரிக்க வேண்டாம். ராத்திரி பதினொன்றரைக்குப் போர்வைக்குள் மைக் ரிவ்யூ பார்க்கிற ஜாதிதான் நீங்களும். இரண்டு மைக்கில் ஒரே வரியைப் பேசிக் காட்டுவார்கள். முதலாவது கொஞ்சம் கனம், இரண்டாவது கொஞ்சம் தெளிவு என்று நாமும் தலையாட்டுவோம். எதில் கேட்டு? போன் ஸ்பீக்கரில். மிளகு நுழையாத ஓட்டை வழியாக வந்த சத்தத்தை வைத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு முடிவெடுத்தவன் நான். எந்த மைக் வாங்கலாம் என்பதைக் கட்டுரைக் கடைசியில் சொல்லிவிடுகிறேன், பொறுங்கள்.

இதற்கு முன் ஒரு ப்ளூடூத் ஹெட்செட் வாங்கினேன். பாட்டு கேட்டால் தேன். அதிலேயே இருக்கிற மைக்கைத் திறந்த மறுகணம் பாட்டு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பினேன். பழுதில்லையாம். மைக் திறந்தால் ப்ளூடூத் பாட்டு வழியை விட்டுவிட்டு டெலிபோன் வழிக்குப் போய்விடும், அதன் சுபாவமே அதுதானாம். பெட்டி மேல் எட்டு மொழியில் எழுதியிருந்தவர்கள் இந்த ஒரு வரிக்கு இடமில்லாமல் தவித்திருக்கிறார்கள்.

அக்கா பையனுடையது கேமிங் ஹெட்செட். 7.1 என்று போட்டிருக்கும். காதுக்கு ஒன்றாக இரண்டே ஸ்பீக்கர். மிச்சமெல்லாம் மென்பொருளின் கற்பனை. இரண்டு பக்கமும் கலர் கலராக விளக்கு வேறு. மாட்டியிருப்பவன் கண்ணுக்கே தெரியாத விளக்கு. அதற்கும் சேர்த்துத்தான் காசு.

எனக்கு ஆசை ஷூர் எஸ்எம்7பி மேல்தான். 2001-இல் வந்த மாடல். வாயுள்ளவன் எல்லாம் பேட்டி எடுக்கும் இந்தக் காலத்தில் பாதிப் பேர் முகத்தை மறைத்துக்கொண்டு தொங்குமே, அந்தக் கறுப்பு உருளை. அதன் அண்ணன் எஸ்எம்7-இல்தான் மைக்கேல் ஜாக்சன் 'த்ரில்லர்' பாடினார். கேட்டதும் என் தொண்டையிலும் ஏதோ ஊறியது. ஆனால் அதற்கு ஏறக்குறைய 60 டெசிபல் தூக்கிவிட வேண்டும். தூக்க ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு வயர், வயருக்கு ஒரு ஸ்டாண்ட். பெண் பார்க்கப் போய்க் குடும்பத்தையே கூட்டி வந்த கதை. ஆகவே யுஎஸ்பி கண்டென்சர்.

கண்டென்சர் பாம்புக்காது. அதிலும் என்னுடையது முன்னால் இருப்பதை அள்ளும், முதுகுப் பக்கத்தை ஒதுக்கும். முன்னால் இருந்தது சமையலறை ஜன்னல். முதுகுப் பக்கம் இருந்தது இலக்கியம்.

மூன்று வாரப் பதிவில் என் கதை கேட்கவில்லையே தவிர, எங்கள் அபார்ட்மென்ட்டின் சாப்பாட்டு நிலவரம் துல்லியமாக இருக்கிறது. கீழ் வீட்டில் காலை எட்டேகாலுக்கு மூன்று விசில், சாதம். எதிர் வீட்டில் நாலு, பருப்பு; நாலாவதைப் பாதியில் நிறுத்துவார்கள், கேஸ் மிச்சம். பக்கத்து வீட்டுக் குக்கருக்கு விசிலே கிடையாது, சீறல் மட்டும்; கேஸ்கட் போய் இரண்டு வாரமாகிறது, அந்த வீட்டுக்காரருக்கே இது தெரியுமோ என்னவோ. செவ்வாய்க்கிழமை எங்கோ ஆறு விசில்; சாயங்காலம் மாடிப்படியெல்லாம் கொண்டைக்கடலை வாசனை. கணக்கு சரி. அப்புறம் மேல் வீடு. புரட்டாசி முழுக்கச் சுத்த சைவம் என்று லிஃப்டில் என்னிடம் சொன்ன மனிதர். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அங்கே எட்டு விசில். எட்டு விசிலுக்கு வேகிற காய்கறி எது? ராஜ்மா என்று வைத்துக்கொண்டேன். அக்கம்பக்கம் முக்கியம்.

நேற்று மைக்கைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போனான் அவன். "கிட்ட உக்காருங்க மாமா. தூரத்தப் பாதியாக்கினா 6 டெசிபல் சும்மா கெடைக்கும்." சும்மா கிடைப்பதை எந்த ரிவ்யூக்காரன் சொன்னான்?

இன்று காலை கிட்ட உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்துக் கேட்டேன். குக்கர் இல்லை. நான் மட்டும்தான். எச்சில் விழுங்குவது உட்பட. இரண்டு நிமிஷத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. பழைய பதிவிலாவது ஒரு விறுவிறுப்பு இருந்தது.

சரி, எந்த மைக் வாங்கலாம் என்றால்... இருங்கள், மேல் வீட்டில் ஐந்தாவது விசில். இன்றைக்கும் சனிக்கிழமை.