கொட்டகைக்குள்ள முப்பது டிகிரியா மாப்ளே?

வாங்க இன்ஜினியரய்யா, இப்படித் திண்ணையில உக்காருங்க. 'நீ, வா'ன்னு கூப்பிட்டா எங்க அக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா, அதான் இந்த மரியாதை. அவ உள்ள போயிட்டா, இனி மாப்ளேன்னே சொல்றேன்.

மாட்டுக்கொட்டகை மோட்டாருக்கு லேப்டாப்லயே வயரிங் போட்டுட்டியாமே! 2.5 ஸ்கொயர் செம்பு வயரு, சி20 எம்சிபி, ஸ்க்ரீன் பூரா பச்சை டிக்கு. கண்ணுக்குக் குளிர்ச்சியாத்தான் இருக்கு. போஸ்ட்டுல ஏறி ஏறி முட்டி தேஞ்ச வயர்மேனுக்கு ஒரே ஒரு சந்தேகம், கோவிச்சுக்காதே.

மொதல்ல செவப்பால்ல வந்துச்சாம்? பெறகு பிரேக்கரை மாத்துனியா, வயரை மாத்துனியா? ரெண்டும் இல்ல, வெக்கையை மாத்திட்டே. 50 டிகிரின்னு இருந்ததை 30 ஆக்கிட்டே. அடேங்கப்பா, சித்திரை வெயில்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில 30 டிகிரி! அந்த மவுஸைக் கொஞ்சம் குடு, இந்தத் திண்ணைக்கும் ஒரு தட்டு தட்டிக்கிறேன்.

பைப்புக்குள்ள போற 2.5 பிவிசி வயரு 30 டிகிரியில 24 ஆம்பியர் தாங்கும். 50 டிகிரின்னா 0.71 ஆல பெருக்கு, 17தான். 17 ஆம்பியர் வயருக்கு 20 ஆம்பியர் காவலா? வயரு வேகும், பிரேக்கர் வேடிக்கை பாக்கும். இதைத்தான் அந்த சாப்ட்வேர் செவப்புல கத்திச்சு. நீ அது வாயைப் பொத்திட்டே.

அதோட விட்டியா, காட்டையும்ல சுருக்கிட்டே! 60 மீட்டர் வயரை 30ன்னு அடிச்சிருக்கே. எந்த சர்வேயருக்கும் வராத வித்தை மாப்ளே இது.

நீளத்துல என்ன இருக்குங்கிறியா? ஷார்ட்டுன்னா கரண்டு பொங்கிக்கிட்டு வரும்னுதான் எல்லாரும் பயப்படுவாக. மெயின் பெட்டிகிட்ட ஆனா அப்படித்தான்; அதுக்குத்தான் 6 கேஏ, 10 கேஏன்னு பிரேக்கர் நெத்தியில எழுதியிருக்கான். வம்பு எல்லாம் கடைக்கோடி ஷார்ட்டுலதான். போக 60, வர 60 மீட்டர் வயரு சூடேறுனா ஒரு ஓமுக்குக் கொஞ்சம் மேல காட்டும். லைன் பக்கம் நீ போட்ட அரை ஓமையும் சேத்து 230ஐ வகுத்துப் பாரு, 150 ஆம்பியர் கிட்டதான் தேறும். சி பிரேக்கர் கண்டிப்பா டக்குன்னு விழணும்னா பத்து மடங்கு வேணும், அதாவது 200. இல்லேன்னா ஆற அமர சூடேறித்தான் விழும். அந்த வயரோ 150 ஆம்பியரை நாலு செகண்டு கூடத் தாங்காது. 30 மீட்டர்னு அடிச்சா கணக்கு 220ஐத் தாண்டிரும், டிக்கும் விழுந்துரும். காட்டுல கெடக்குற வயரு மட்டும் சொன்ன பேச்சு கேக்காம 60 மீட்டராவே கெடக்கும்.

சரி, ஒரு எச்பி மோட்டாரு 7 ஆம்பியர் இழுக்குது, அதுக்கு எதுக்குடா 20? "இருக்கட்டும் மாமா, பெருசாவே"ன்னியே, வேட்டியா எடுக்கோம்? சி10 போடு. அதுக்கு 100 ஆம்பியர் போதும், நமக்கு 150 வருது. 17 ஆம்பியர் வயருக்கும் அடக்கம். ஸ்டார்ட் ஆகுறப்ப ஆறு மடங்கு இழுத்தாலும் 42. அம்பதுக்குக் கீழ சி10 டக்குன்னு விழாது. வெயிலையும் நெலத்தையும் தொடாமலே ரெண்டு செவப்பும் பச்சையாயிரும்.

இன்னொண்ணு. எர்த்திங் கட்டத்துல சாப்ட்வேர் அதுவா போட்டு வச்ச டிஎன்-எஸ்ஸை (எர்த்து கம்பி வழியாவே கரண்டு திரும்புற ஏற்பாடு) நீ திரும்பிக்கூடப் பாக்கல. கொட்டகைக்கு நாம அடிச்சது தனி எர்த்து ராடு. லீக்காகுற கரண்டு மண்ணு வழியாத்தான் ட்ரான்ஸ்பார்மருக்குப் போய்ச் சேரணும். அந்த வழியில 20 ஓம் இருந்தா ஓடுறது 11 ஆம்பியர் சொச்சம். சி10 அதுக்கெல்லாம் டக்குன்னு விழாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு சேத்துப் போடு. ஈரத்தரையில நாலு காலையும் ஊண்டி நிக்குற சீவன்டா மாடு. அதுலயும் அந்தச் செவலைப் பசு உங்க அத்தை சீதனமாக் கொண்டாந்தது. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பச்சை டிக்கைக் காட்டி அவகிட்ட நீதான் பேசணும். நான் அன்னைக்கு ஊர்லயே இருக்க மாட்டேன்.