கிராமத்தான்

என் அக்கா வீட்டுக்காரர் பிறந்து வளர்ந்ததெல்லாம் பாளையங்கோட்டை. கிராமத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இருந்தும் இரண்டு வருஷமாக எங்கள் குடும்பத்தில் அவருக்குக் கிராமத்தான் என்றுதான் பெயர். பிரித்து வாசிக்க வேண்டும்: கிராம் அத்தான்.

அதற்கு முன்னால் அவர் பன்னிரண்டு இட்லி அத்தான். எடை 138 கிலோ. சர்க்கரை, பிரஷர், தூக்கத்தில் மூச்சு நின்றுபோவது என்று ஒவ்வொன்றாக வந்து திண்ணையில் உட்கார்ந்த பிறகு, ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். இரைப்பையில் ஐந்தில் நாலு பாகத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பசியைக் கிளப்பும் ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டிப்போட்ட பாகத்தில்தான் சுரக்குமாம். அதனால் பசியும் காலி செய்துகொண்டு போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு கணக்குப்பிள்ளை குடியேறினார்.

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று டயட்டீஷியன் எழுதிக்கொடுத்த தாள், லேமினேட் ஆகி ஃபிரிட்ஜ் கதவில் முருகனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் குளித்துவிட்டு வந்து இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

இந்த ரகத்தை இப்போது எல்லாச் சொந்தத்திலும் பார்க்கலாம். நம் முகத்தைப் பார்க்கும் முன்னால் தட்டைப் பார்ப்பார்கள். அத்தானுக்கு ஊரே கிராமாகத்தான் தெரிகிறது. முட்டை ஒன்றுக்கு 6. பனீர் 100 கிராமுக்கு 18. இட்லி? அதன்மேல் அவருக்குத் தீராத வன்மம். "ஒண்ணுக்கு ரெண்டுதாம்ல மாப்ள. பன்னெண்டு தின்னாலும் இருவத்தி நாலு. நாலு முட்டையில முடியுற வேலைக்கு நாப்பது வருசம் ஏமாந்திருக்கேன்."

அடுக்களை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமலே முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர், இப்போது அதைவிட்டு வெளியே வருவதில்லை. முதல் வேலையாக ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினார். கோழித் துண்டை அதில் வைத்து, முள் இல்லாத அந்தத் தராசை இல்லாத முள்ளைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்ப்பார். "எனக்கு வளையல் எடுக்கும்போதுகூட இப்படிக் குனிஞ்சு பாக்கல" என்றாள் அக்கா.

ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் தெளிந்த ரசமும் மோரும்தான். அப்புறம் கூழ்ப் பருவம். மீன் குழம்பை முள் நீக்கி மிக்ஸியில் அடித்துப் பேத்தியின் வெள்ளிக் கிண்ணத்தில் வைத்துச் சாப்பிட்டார். பேத்திக்கு ஒன்றரை வயது. இரண்டு பேருக்கும் ஒரே மெனு, ஒரே அழுகை. புரோட்டீன் பவுடர் வந்து சேர்ந்தது அப்போதுதான். கொதிக்கக் கொதிக்க இருந்த ஃபில்டர் காப்பியில் ஒரு கரண்டியைக் கொட்டினார். காப்பி திரிந்து, கோலிக்குண்டு மாதிரி உருண்டைகள் மிதந்தன. வெதுவெதுப்பில்தான் கலக்க வேண்டும், அதுவும் முதலில் கொஞ்சம் ஆறின பாலில் கரைத்துக்கொண்டு என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் நாலு டம்ளர் நல்ல டிகாக்‌ஷன் தொட்டியோடு போயிற்று. அதே பவுடரை ரசத்தில் போட்ட கதையை அக்கா யாருக்கும் சொல்லக்கூடாது என்றிருக்கிறாள்.

ஆனால் கை படிந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். அடையில் அரிசியை நிறுத்திவிட்டு நாலு பருப்பையும் ஊறவைத்து, பனீரைத் துருவிப் போட்டு, முருங்கைக்கீரையை உருவிச் சேர்க்கிறார். மொறுமொறுப்பு கொஞ்சம் குறைச்சல். அவர் வயிற்றுக்கு அதுதான் சுகம். நெத்திலிப் புட்டு, கொள்ளுத் துவையல், தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு அதில் வெள்ளரிக்காய்... எங்கள் அம்மா இருந்திருந்தால் மருமகனுக்குச் சுத்திப் போட்டிருப்பாள்.

கல்யாண வீட்டில்தான் சிக்கல். போன தை மாசம் மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு. இலையில் தண்ணீர் டம்ளர் வைக்க வந்த பையனிடமே முதல் சண்டை. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான். அடுத்து சொதி வாளி வந்தது. "தம்பி, கரண்டிய அடியில விட்டு அந்தப் பாசிப்பருப்ப மட்டும் அள்ளிப் போடுப்பா. தேங்காப்பாலு அந்தச் சாருக்கு." அந்தச் சார் நான். ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மென்றார். எங்கள் பந்தி எழுந்தது. அடுத்த பந்தி உட்கார்ந்து, அதுவும் எழுந்தது. அத்தான் அவியலில் மொச்சை தேடிக்கொண்டிருந்தார். இலையில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு பெண்ணின் அப்பா ஓடிவந்து, "அண்ணாச்சி, ஏதும் குறையா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "புரதம் கொஞ்சம் குறை" என்றார் அத்தான். அந்த மனுஷன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அரை மணி கழித்து, தாம்பூலம் கொடுக்கும் நேரத்தில், அத்தான் சட்டைப்பையில் தண்ணீர் அலாரம் அடித்தது.

மூன்றாம் மாசம் முடி கொட்டியது. எடை வேகமாக இறங்கும்போது அப்படி ஆகும், திரும்ப முளைக்கும் என்று டாக்டர் சொன்னார். அத்தான் நம்பவில்லை. ஆடி மாசம் அக்கா வீட்டில் அசைவம் வேண்டாம் என்றிருந்தாளே, அந்தக் கணக்கில் விட்டுப்போன கிராம்களாம்.

இப்போது அவர் 89 கிலோ. சமைக்கிற கைக்கு மட்டும் பழைய வயிற்றின் அளவு மறக்கவில்லை. நாலு பேருக்கு என்று ஆரம்பித்துப் பத்துப் பேருக்குச் செய்கிறார். அவர் தின்பது முக்கால் அடை. மஞ்சள் கருவெல்லாம் அக்காவுக்கு, மிச்ச அடையெல்லாம் எனக்கு. அக்கா ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்தாயிற்று. நான் பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறேன், வெளிப்பக்கமாக.

போன ஞாயிற்றுக்கிழமையும் போயிருந்தேன். நாலாவது அடையை என் தட்டில் போட்டு, அதன்மேல் துவையலையும் வைத்துவிட்டு, தள்ளி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏல மாப்ள, நீ எதுக்கும் எங்க டாக்டர ஒரு எட்டு பாத்துட்டு வாயேன்."