எட்டுக்கு நாலில் ஒரு ரயில்வே

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால் எல்லோரும் வண்டியை அணைத்துவிட்டு ரயில்வேயைத் திட்ட ஆரம்பிப்பார்கள். ஒருத்தர் மட்டும் எக்கி எக்கி எண்ணிக்கொண்டிருப்பார். நிலக்கரி வேகன் ஐம்பத்தெட்டும் போய், கடைசியில் கார்டு வண்டியும் போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிக்கரை உதைப்பார். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும். இவர் வீட்டு ஹாலில் சீக்கிரமே ரயில் ஓடப்போகிறது.

வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். துறைமுகத்தில் கிளியரிங் வேலையோ, எண்ணூரில் ஷிப்டோ பார்ப்பவர். பையனுக்குப் பிறந்தநாள் பரிசு என்று சொல்லித்தான் வெளிநாட்டு ரயில் செட்டை வாங்குவார். பையன் படிப்பு முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான், அது வேறு விஷயம். ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, ஒரு வட்டத் தண்டவாளம், 12 வோல்ட் கண்ட்ரோலர்.

ஆனால் திட்டம் சின்னதாக இருக்காது. 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போனதே, அந்தப் பாதையை அப்படியே போட்டுவிட வேண்டும். "சென்ட்ரல் வந்ததே 1873-ல்தான் சார். அதுவரைக்கும் மெட்ராசுக்கே ஸ்டேஷன் நம்ம ராயபுரம்தான்" என்று டீக்கடையில் இவர் சொல்லாத நாள் கிடையாது. சொல்லிவிட்டு வந்து கால்குலேட்டரைத் தட்டுவார். இவர் வாங்கியது எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அப்படிச் சுருக்கியும் வாலாஜா ரோடு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கிறது. ஹாலோ பத்துக்குப் பன்னிரண்டு. சரி, 24 பெட்டி எக்ஸ்பிரஸ் நிற்க ஒரு பிளாட்பாரமாவது? அதற்கே இருபது அடி வேண்டும், பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்கணும். பேரம் படிந்து படிந்து கடைசியில் செட்டோடு வந்த மூன்று பெட்டியிலேயே வந்து நிற்பார்.

பலகைக்கு எட்டுக்கு நாலு பிளைவுட். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் பலரும் அந்த அளவில்தான் தொடங்குகிறார்கள். பதினெட்டு அங்குல ஆரத்தில் வண்டி திரும்பி வர நாலடி அகலம் சரியாக இருக்கும்.

"இன்னா சார், கட்டிலா?" என்றார் ஆசாரி.

"இல்லப்பா, ரயில்வே ஸ்டேஷன்."

ஆசாரி அசரவில்லை. "அப்ப கால் கனமாவே வெச்சிடலாம். எத்தினி பேர் ஏறுவாங்க?"

வண்டி ஓடியது. ஒரே ஒரு நாள். மறுநாள் வளைவில் நின்றுவிட்டது. மோட்டாருக்குப் போகும் கரண்ட் இரண்டு தண்டவாளம் வழியாகச் சக்கரத்தில் ஏற வேண்டும், நடுவில் மெல்லிய அழுக்குப் படிந்தாலும் போச்சு. அழுக்குக்கா இந்தப் பக்கம் பஞ்சம்? கிழக்கே காசிமேட்டு உப்புக் காற்று, வடக்கே அனல் மின் நிலையச் சாம்பல், நடுவில் கன்டெய்னர் லாரிப் புழுதி. பத்து நிமிஷம் வண்டி ஓட்ட, ஒரு மணி நேரம் ஸ்பிரிட்டும் துணியுமாகத் தண்டவாளம் துடைக்க வேண்டும். அப்படியும் நின்றால் ஆள்காட்டி விரலால் ஒரு தள்ளு. கேட்டால், பின்னாலிருந்து தள்ளுகிற "பேங்கர் எஞ்சின்" என்பார்.

இத்தோடு விட்டிருந்தால் வீட்டில் நிம்மதி இருந்திருக்கும். கேஜ் கணக்கில், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிக் கணக்கில் இறங்கினார். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.26 வரும். செட்டில் வந்த தண்டவாளம் 16.5. "மூணு மில்லிமீட்டர் ஏமாத்திட்டாங்க!" அன்று ராத்திரி தூக்கம் இல்லை. தண்டவாளத்தைத் தானே போடுவதென்று முடிவாயிற்று. ஸ்லீப்பருக்குத் தீக்குச்சி. தீப்பெட்டிக் கம்பெனி பெயரிலேயே விம்கோ நகர் என்று ஒரு பேட்டை இருக்கும் ஊரில் வேறு எதைத் தேடுவது? 2.75 மீட்டர் ஸ்லீப்பர் சுருங்கினால் முப்பத்திரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, குச்சியின் மருந்துத் தலையைக் கிள்ளி நறுக்கினால் கச்சிதம். மீட்டருக்கு 145 குச்சி.

"என்னங்க, விளக்கேத்த ஒரு குச்சி இல்ல, எல்லாத்துக்கும் தலைய வெட்டி வெச்சிருக்கீங்க!" வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்ட குரல் இது.

பசையும் சாலிடரிங்குமாகப் புதுப் பாதை முடிந்தது. பூஜை போட்டு எஞ்சினைத் தூக்கி வைத்தார். 16.5-க்குச் செய்த சக்கரம் 19.26-ல் எப்படி நிற்கும்? தொப்பென்று நடுவில் விழுந்தது.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த பையன் நிமிர்ந்தான். "அப்பா, பழைய ட்ராக்கு தப்பே இல்லப்பா. 16.5-ஐ 87-ஆல பெருக்கிப் பாரு, 1435. நம்ம மெட்ரோ கேஜ்."

"மெட்ரோவா? புகையும் கிடையாது, கூவலும் கிடையாது, அதெல்லாம் ஒரு ரயிலாடா?"

ரெண்டு நாள் யாரோடும் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் பிவிசி பைப்பை ஒரே அளவாக அறுத்துக்கொண்டிருந்தார். டோல்கேட் தாண்டி விம்கோ நகர் வரை மெட்ரோ தூண் மேல்தானே போகிறது? தூண் நட்டு, பழைய வட்டத்தை அதன் மேல் ஏற்றியாகிவிட்டது. வீட்டம்மாவுக்கும் இந்தத் தடவை குறை இல்லை. பாலத்துக்கடியில் மிளகாய்த்தூள் டப்பாவும் கடுகு டப்பாவும் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. அரிசி டின்னும் வைக்க வேண்டுமாம், தூணை இன்னும் ஒரு முழம் உயர்த்தச் சொல்லியிருக்கிறார்.