கெட்டுப்போன பேராண்டிக்கு

வாடா ராசா, இப்படித் திண்ணையில உக்காரு. ஊரே பேசுது, நான் மட்டும் பேசாம இருந்தா மரியாதையா இருக்காது. நீ கெட்டுப்போயிட்ட.

சும்மா சொல்லலை, அத்தாட்சி இருக்கு. பி.காம். கெடைக்கலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு பி.ஏ. தமிழ்ல போய்ச் சேந்தவன் நீ. தமிழை எவனாச்சும் பீசு கட்டிப் படிப்பானான்னு உங்க ஆத்தாகிட்ட எகிறுன. பாடப் புத்தகம் வாங்கலை, கைடு வாங்குன. அதையும் பரீட்சைக்கு மொத நாள் ராத்திரிதான் பிரிச்ச. அப்ப எனக்கு எம்புட்டு நிம்மதி தெரியுமா? பய பொழைச்சுக்குவான், பாட்டும் கூத்தும் இவனை அண்டாதுன்னு இருந்தேன். இப்ப என்னடான்னா, ஆடு ஓட்டிக்கிட்டுப் போறவன் வரப்புல நின்னு கொக்கைப் பாக்குற. ஆடு அடுத்தவன் கடலைக் கொல்லையில மேயுது. கேட்டா கபிலருங்குற. கொல்லைக்காரன் தண்டம் வாங்கக் கபிலர்கிட்டயா போவான்?

அந்தக் கொக்கு விவகாரத்தை நீ ராத்திரி வாய்விட்டுப் படிக்கையில நானும் கட்டில்ல கிடந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். காது மந்தம்னு ஊருக்குள்ள சொல்லி வச்சிருக்கேன். அது கைமாத்து கேட்டு வர்றவுகளுக்காகச் சொன்னது. குறுந்தொகையில 25-ஆம் பாட்டு, கபிலரு எழுதுனது. கல்யாணத்தை இழுத்தடிக்கிற ஒருத்தனைப் பத்தி ஒரு பொண்ணு தோழிகிட்ட வெசனப்படுது. அவன் வாக்குக் குடுத்தப்ப பக்கத்துல வேற ஆளு இல்லை, அவன் மாத்திப் பேசுனா தனக்குச் சாட்சி இல்லைங்குது. சொல்லிட்டு, ஒரு கொக்கு மட்டும் தண்ணியில நின்னு ஆரல் மீனைப் பாத்துக்கிட்டு இருந்துச்சுங்குது. அம்புட்டுத்தான், பாட்டு முடிஞ்சுபோச்சு.

நான் இந்த ஊருப் பஞ்சாயத்துல எத்தனையோ சாட்சி பாத்தவன். காசு வாங்கிக்கிட்டுப் பேசுற சாட்சி, குடிச்சுட்டு வந்து மாத்திப் பேசுற சாட்சி, மச்சானுக்காகப் பேசுற சாட்சி. கொக்கை இழுத்த வழக்கை அன்னிக்குத்தான் கேட்டேன். அதுவும் எப்பேர்ப்பட்ட கொக்கு? இவுக ரெண்டு பேரையும் திரும்பிக்கூடப் பாக்காத கொக்கு.

நீயும் மொதல்ல சிரிச்ச. சாட்சி இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, கொக்கு எதுக்குங்குறேன்னு கேட்ட. கைடுல பாத்த. திணை குறிஞ்சி, தலைவி கூற்று, வரைவு நீட்டித்த இடத்துன்னு எழுதிக் கடையைச் சாத்தியிருந்தான். உனக்கு அது பத்தலை. அங்கதான் நீ கெட ஆரம்பிச்ச. கொஞ்ச நாள் கழிச்சு, சோத்துல கையை வச்சுக்கிட்டே, "தாத்தா, அவ கொக்கைச் சொல்லலை. மீனு மேல மட்டும் கண்ணா இருந்த இன்னொரு ஆளைச் சொல்றா"ன்ன. உங்க அப்பத்தா கரண்டியை வச்சுட்டு, "இதுக்கு இம்புட்டு நாளாடா? அந்த மாதிரி ஆளை நான் கல்யாணம் ஆன அன்னியிலேருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்"னா. யாரைச் சொன்னாளோ, எனக்குக் காது கேக்கலை.

பாட்டுப் படிச்சவனைப் பிடிக்கிற வியாதி இதுதாண்டா. ஒருத்தன் சொன்னதோட நிக்க மாட்டான். சொல்லாம விட்டது என்னன்னு தோண்டுவான். கூட்டாளி போன்ல நல்லா இருக்கேன்னு சொன்னா, சொன்ன தினுசுல எது குறையுதுன்னு கேப்பான். ஆபீசுல பாக்கலாம்னு சொன்னா, போயிட்டு வான்னுதான் சொல்றாகன்னு அங்கேயே விளங்கிரும், அப்புறம் அலைஞ்சு செருப்புத் தேய மாட்டான். கட்சிக்காரன் மைக்கைப் பிடிச்சு நூறு வாக்குறுதி சொன்னா, அவன் கண்ணு எந்த மீன் மேல இருக்குன்னு பாப்பான். இப்படி ஊருக்கு ரெண்டு பேரு கெளம்புனா நாடு தாங்குமா? செவனேன்னு கைடையே படிச்சிருக்கலாம் நீ.

அந்தக் கைடு எழுதுறவனைச் சும்மா சொல்லக் கூடாது, உழைப்பாளி. குறுந்தொகையில பாட்டெல்லாம் பெரும்பாலும் 4 அடியிலேருந்து 8 அடிக்குள்ள அடங்குதுன்னு நீதான் சொன்ன. ஓலையில கிடந்ததை 1915-ல சௌரிப்பெருமாள் அரங்கனார் அச்சுல ஏத்துனாரு, 1937-ல சாமிநாதையர் உரையோட போட்டாருன்னு ஒப்பிச்ச. அம்புட்டுப் பாடுபட்டுக் காப்பாத்துனது 5 அடிப் பாட்டு. கைடுக்காரன் அதுக்கு மூணு பக்கம் எழுதுறான். அவ வாயை மூடிக்கிட்ட இடத்துல எல்லாம் இவன் வாயைத் தொறக்குறான். அதை மனப்பாடம் பண்றது, ஒருத்தன் மென்னு துப்புன வெத்தலையை எடுத்து மெல்லுற மாதிரி. பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் அதுல இருக்கும், உன் நாக்கு மட்டும் சிவக்காது.

உங்க வகுப்பு டீச்சரம்மா மேலயும் எனக்கு வருத்தம் உண்டு. புத்தகத்தை மூடச் சொல்லிட்டு, பாட்டை ரெண்டு தரம் வாய்விட்டுச் சொல்ல வச்சு, பெறகு ஒண்ணும் பேசாம உக்காந்துக்கிட்டாகளாமே. சம்பளம் வாங்கிக்கிட்டுப் பேசாம இருக்கலாமா? பேசியிருந்தா நீங்க தூங்கியிருப்பீக. பேசாம இருந்ததாலதானே யோசிக்க வேண்டியதாப் போச்சு?

பாட்டோட விட்டாகளா, நாடகத்துலயும் இறக்கி விட்டுட்டாக. மனோன்மணீயம் பாடத்துக்கு வந்தப்பதான், நீ பள்ளிக்கூடத்துல நித்தம் கொட்டாவி விட்டுக்கிட்டே பாடுன தமிழ்த்தாய் வாழ்த்து, 1891-ல சுந்தரம் பிள்ளை எழுதுன அந்த நாடகத்தோட முகப்புலேருந்து எடுத்ததுன்னு உனக்கே தெரிஞ்சுச்சு. அதோட போயிருந்தாப் பாதகமில்லை. அது உக்காந்து படிக்கிறதுக்கு எழுதுன நாடகம், மேலு வலிக்காது. அடுத்தாப்புல சிலப்பதிகாரம், வழக்குரை காதையை நடிச்சுக் காட்டணும்னு சொல்லி, உனக்குப் பாண்டியன் வேசம் குடுத்துட்டாக.

போன மாசம் வரைக்கும் நீ கண்ணகி கட்சி. விசாரிக்காம ஆளைக் கொன்னவன் ராசாவா, மடையன்னு வீட்டுக்குள்ள நின்னு கத்துன. வேசம் குடுத்த மறுநாளே அவனுக்கு வக்காலத்து. "தாத்தா, அன்னிக்கு அவன் ஆட்டம் பாத்தான். ஆடுனவளுகளையே பாத்துட்டான்னு ராணிக்குக் கோவம். தலைவலின்னு பொய் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவளைச் சமாதானம் பண்ணப் போற வழியிலதான் தட்டான் வந்து நிக்குறான்"ன்ன. உங்க அப்பத்தா தலைவலின்னு சுருண்டு படுத்திருக்கையில, ஆடு வித்தியா மாடு வித்தியான்னு எவனாச்சும் கேட்டா நானும் சரி சரின்னுதான் தலையாட்டியிருக்கேன். அதுக்காக அவனை விட்ற முடியுமா? நீயும் விடலையே. கடைசியில கண்ணகி சிலம்பை உடைச்சு, ராணி சிலம்புல இருக்குற முத்து இல்லாம மாணிக்கம் தெறிச்சதும், தானே கள்வன்னு சொல்லிக்கிட்டு விழுறான்ல, அந்த இடத்தை நீ தொழுவத்துக்குப் பின்னால பத்துத் தரம் செஞ்சு பாத்த. வேலி இடுக்கு வழியா நானும் பாத்தேன்.

ஒண்ணு மட்டும் சொல்றேன், கோவிச்சுக்காத. நீ விழுறதுக்கு முன்னால தரையைப் பாக்குற. சாணி இல்லாத இடமாத் தேடி, வேட்டியை ஒதுக்கிக்கிட்டு, அப்புறம் உசுரை விடுற. நீதி தப்பிச்சுன்னு சாகப் போற ராசா சலவைக் கூலியை நெனைப்பானா? எட்டு மெய்ப்பாட்டையும் வரிசையா எழுதி மார்க்கு வாங்குனவன்தானே நீ? இளிவரல்னு எழுதத் தெரிஞ்சாப் போதாது. பக்கத்து வீட்டுப் பய கேம்பசுல வேலை வாங்கிட்டான்னு உங்க ஆத்தா சொன்னப்ப உன் மூஞ்சி போச்சே ஒரு போக்கு, ஒதடு ஒரு பக்கம் இறங்கி, கண்ணு தட்டுல இருந்த சோத்தையே பாத்து... அதை அப்படியே மேடைக்குக் கொண்டுபோ. தன் தப்பு தனக்குத் தெரிஞ்சவன் மூஞ்சி அதுதான்.

மேடைன்னதும் ஞாபகம் வருது. இந்தத் தாத்தன் வயசுக் காலம் பூராக் கொட்டகையும் மேடையும் போட்டவன். சிலப்பதிகாரத்துல அரங்கேற்று காதையை நீ படிச்சப்ப இளங்கோவடிகள் மேல எனக்கு ஒரு சந்தேகம் வந்துருச்சு. துறவி இம்புட்டுக் கணக்கா மேடை வேலை பேசலாமா? கணுவுக்குக் கணு ஒரு சாண் வளந்த மூங்கில்ல கோலு வெட்டணும். கோலுக்கு அளவு பெருவிரல் 24. அந்தக் கோலால மேடை அகலம் 7, நீளம் 8, உயரம் 1. மேல உத்தரப் பலகைக்கு 4. வாசல் ரெண்டு, திரை மூணு தினுசு. அதுக்கு மேல ஒண்ணு சொன்னாரு பாரு, அங்க நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன். தூணு நிழல் ஆட்டத்து மேல விழாம விளக்கு வைக்கணுமாம். பெட்ரோமாக்ஸ் காலத்துலேருந்து எனக்கு இருந்த தலைவலி அது. பபூன் வந்து நின்னா அவன் பாதி மூஞ்சியைத் தூணு தின்னுரும். 12 வயசு மாதவி ஆடித் தலைக்கோல் வாங்குனா, 1008 கழஞ்சு பொன்னு வாங்குனான்னு எழுதுன மனுசன், மேடை போட்டவனுக்குக் கூலி என்னன்னு எழுதாம விட்டாரு பாத்தியா? அதுதான் எனக்கு அவருகிட்ட மனத்தாங்கல்.

நான் போட்ட மேடையில அதிகம் ஏறுனது சங்கரதாஸ் சுவாமிகள் எழுதுன வள்ளி திருமணம். அவரு 1922-லயே புதுச்சேரியில கண்ணை மூடிட்டாரு; புதுக்கோட்டைச் சீமைத் திருவிழாவுல இன்னமும் அவரு பாட்டு விடிய விடிய ஓடுது. ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, நாரதர் வேற ஊரு. ஒத்திகை கிடையாது. பவுடர் பூசுறப்பதான் இன்னிக்கு வள்ளி யாருன்னே நாரதருக்குத் தெரியும். ஒரு பக்கம் ஆர்மோனியம், அங்கிட்டு மிருதங்கம், ஆல்ரவுண்டு. நாரதரும் வள்ளியும் தர்க்கத்துல இறங்குனா, அவரு ஒரு பாட்டைப் போட, அந்தம்மா அதுலயே மடக்கி வேற பாட்டைப் போட, கூட்டம் துண்டைத் தலையில கட்டிக்கிட்டு நிமிந்து உக்காரும். தோத்தவுக மறு வருசம் அந்த ஊருக்கு வர்றது சந்தேகந்தான். அம்புட்டும் மனப்பாடம். ஆனா பரீட்சைத் தாள்ல கொட்டிட்டு மறக்குற மனப்பாடம் இல்லை. எதிராளி எந்தப் பக்கம் திருப்புனாலும் கை நீட்டி எடுக்குற மாதிரி உள்ளுக்குள்ள இருக்கணும். அதனால எதிராளி என்ன சொல்றாங்குறதைக் காது குடுத்துக் கேட்டே ஆகணும். தன் பாட்டை மட்டும் படிச்சுட்டு வந்தவன் ரெண்டாவது கேள்வியிலேயே முழிப்பான்.

இனி நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை உங்க அப்பன் திருப்பூர்லேருந்து வர்றான். வந்து காலைக் கழுவுறதுக்குள்ள, தமிழு படிச்சு என்னத்தடா கிழிக்கப் போறேன்னு கேப்பான். நீ எகிறுவ. எகிறாத. கொக்குல கண்டுபிடிச்சவன் இதுல கண்டுபிடிக்க மாட்டியா? பனியன் கம்பெனியில நின்னு நின்னு கெண்டைக்கால் நரம்பு சுருட்டுனவன் அவன். மகனும் இப்படித்தான் நிக்கணுமோங்குற பயம் அவனைத் தூங்க விடலை. அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டான். நம்ம வம்சத்துல எவனும் சொன்னது கிடையாது, திட்டித்தான் பழக்கம். பாண்டியனுக்கே வக்காலத்து வாங்குனவன் நீ, உங்க அப்பன் வேசத்துலயும் ஒரு நாழி நின்னு பாத்துட்டு வாயைத் தொற.

பதிலையும் கையில வச்சுக்க. பி.எட். முடிச்சா வாத்தியார் பரீட்சை எழுதலாம்; டி.என்.பி.எஸ்.சி. குரூப் ஃபோர்ல தமிழ்ப் பகுதியில தேறாதவன் மத்த பகுதியில எம்புட்டுக் கிழிச்சிருந்தாலும் செல்லாதுன்னு சொல்லு. உங்க அப்பனுக்குக் கணக்கு பிடிக்கும். கபிலர் பேச்சை அன்னிக்கு எடுத்துறாத. மறுநாள் காலையில, காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கையில, கொக்குக் கதையை மட்டும் சாதாரணமாப் போட்டு வை. அவன் ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போனா, விழுந்துட்டான்னு அர்த்தம்.

இம்புட்டுக் கெட்டவனை இனித் திருத்த முடியாது. அதனால உங்க டீச்சரம்மாகிட்டச் சொல்லு: பாண்டியன் சாகுற மேடையை நான்தான் போடுவேன். 24 விரக்கடைக் கோலு வெட்டிக்கிறேன், தூணு நிழல் ராசா மூஞ்சியில விழாமப் பாத்துக்கிறேன். தரையில சாணி மட்டும் தெளிச்சு வைப்பேன், நீ எப்படி விழுறேன்னு பாக்கணும். கூலி ரொக்கமா வேணும். இளங்கோவடிகள் மாதிரி மறந்துறக் கூடாதுன்னு சொல்லி வை.