ஸ்னேர் சத்தம்

நியூயார்க் லாங் ஐலண்டில் டிரீம் தியேட்டர் என்ற ராக் குழுவின் ரசிகரைக் கண்டுபிடிப்பது சுலபம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கறுப்பு டீ-ஷர்ட் துவைத்துத் துவைத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும். சிக்னலில் கார் நின்றால் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கில் அடித்துக்கொண்டிருப்பார். பச்சை விழுந்தாலும் கிளம்பமாட்டார். அந்தத் தாளச் சுற்று முடிய வேண்டும். பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்குத் தாள ஞானம் கிடையாது என்பது அவர் கட்சி.

அந்தக் குழுவின் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' இசைத்தட்டு 1992 ஜூலையில் வந்தது. எட்டுப் பாட்டு, 57 நிமிடம். அதை அவர் கேட்கிறார் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் தணிக்கை செய்கிறார். கடைசிப் பாட்டான 'லேர்னிங் டு லிவ்' ஆரம்பத்தில் தாளம் 15 தட்டு, 14 தட்டு என்று மாறி மாறி வரும். உதடு முணுமுணுக்கும், மந்திரமல்ல, எண்கள். கணக்கு நேரானதும் இரவு கல்லாவைப் பூட்டும் முதலாளி போல ஒரு தலையாட்டல். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சரியாகத்தான் வருகிறது. இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லதல்லவா?

இசைத்தட்டைப் புகழ்வார் என்று நம்பிப் போனால் ஏமாறுவீர்கள். வாயைத் திறந்தால் ஸ்னேர் டிரம்தான். குழுவின் டிரம்மர் மைக் போர்ட்னாய் அடித்த அடிகளின் மேல், தயாரிப்பாளர் டேவிட் பிரேட்டர் வேறெங்கோ பதிவு செய்த சத்தத்தை ஏற்றிவிட்டார். மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே 'டப்'. போர்ட்னாய்க்கே அது பிடிக்கவில்லை. நம்மவரோ பாட்டன் நிலத்தை எவனோ எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி பொருமுவார். "அந்தச் சத்தத்தை மட்டும் மாற்றி மறுபடி வெளியிட்டால்?" என்று ஒருநாள் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. "அதில் யார் கை வைப்பது?"

அதே இசைத்தட்டின் 'புல் மீ அண்டர்' எட்டு நிமிடம் ஓடி, திடீரென வெட்டினாற்போல் நின்றுவிடும். வீட்டுக்கு வரும் புது ஆளுக்கு அதைப் போட்டுவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கும் போட்டார். "கரண்ட் போச்சா?" என்றேன். அதற்கப்புறம்தான் காப்பி வந்தது.

இன்னொன்று. அதிலேயே வரும் 'மெட்ரோபாலிஸ்' பாட்டின் தலைப்பில் கிடார் வாசிக்கும் ஜான் பெட்ரூச்சி விளையாட்டாகத்தான் 'பாகம் 1' என்று சேர்த்தார். இரண்டாம் பாகம் எழுதும் உத்தேசமே இல்லை. பெட்ரூச்சி அதே லாங் ஐலண்டு ஊர்ப்பையன். தன் ஊர்க்காரர்களிடம் விளையாட்டு எடுபடாது என்று அவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். 'ஒன்று இருந்தால் இரண்டு எங்கே?' என்று ரசிகர்கள் வட்டிக்காரர்கள் போல் வாசலில் நின்றார்கள். 1999-இல் இரண்டாம் பாகம் ஒரு முழு இசைத்தட்டாகவே வந்தது. அதற்கு முன்பே, 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸி'ல் இடமில்லாமல் போன 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்' என்ற 23 நிமிடப் பாட்டையும் 1995-இல் விடாப்பிடியாக வசூலித்துவிட்டார்கள். அசல் கொடுத்தது ஒரு இசைத்தட்டின் விலை!

2010-இல் விலகிய போர்ட்னாய் 2023 அக்டோபரில் குழுவுக்குத் திரும்பினார். செய்தி வந்த அன்றே போன் செய்தேன், நல்ல சேதியை முதலில் நான் சொன்னதாக இருக்கட்டும் என்று. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஸ்னேரைப் பற்றி ஏதாவது சொன்னாரா?" என்றார்.

நீங்கள் யாராவது அவரைச் சந்தித்தால் அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். எனக்கு அன்றைக்கு நாற்பது நிமிடம் போயிற்று.